பைத்தான் என்ன மொழி? ஒரு சங்கக் கணக்கிலிருந்து விளக்கம்

எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘பைத்தான்’. கல்லூரித் துண்டறிக்கையில் இருக்கிறது, கணினி வகுப்பு விளம்பரத்தில் இருக்கிறது, வேலை விளம்பரத்திலும் இருக்கிறது. அது என்ன என்று பெற்றோர் கேட்டால், “கோடிங்மா” என்று பிள்ளை நகர்ந்துவிடும். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டால், “உயர்நிலை, பொருள்நோக்கு நிரல்மொழி” என்பார். தவறான பதில் இல்லை. ஆனால் கேட்டவருக்கு எதுவும் விளங்கியிருக்காது.

பைத்தான் என்பது கணினிக்கு வேலை சொல்ல மனிதர்கள் எழுதும் மொழி. 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. யாரும் இலவசமாகப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம். இன்று பள்ளி மாணவரின் முதல் பயிற்சியிலிருந்து செயற்கை நுண்ணறிவு ஆய்வு வரை அதைக் கொண்டு நடக்கிறது. ‘உயர்நிலை’, ‘பொருள்நோக்கு’ என்ற இரண்டு அடைமொழிகளையும் புரிந்துகொண்டால் இன்றைய நிரல்மொழிகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை பிடிபட்டுவிடும்.

உயர்நிலை என்றால் உயர்ந்த தரம் என்று பொருளில்லை

கணினியின் மூளையான செயலிக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தாம். இந்த இடத்தில் உள்ள எண்ணை எடு, அதோடு இதைக் கூட்டு, அந்த இடத்தில் வை என்ற அளவில்தான் அது கட்டளைகளை ஏற்கும். ஆரம்ப காலத்தில் நிரல் எழுதியவர்கள் இந்த நிலையிலேயே எழுதினார்கள். ஒரு கூட்டல் கணக்குக்கே பல வரிகள் வேண்டும். வேறு வகைக் கணினி வாங்கினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

1957ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் என்ற மொழியை வெளியிட்டது. கணிதச் சூத்திரம் எழுதுவதுபோல் எழுதினால் போதும், அதைச் செயலிக்குப் புரியும் எண்களாக மாற்றும் வேலையை இன்னொரு நிரல் பார்த்துக்கொள்ளும். செயலியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து விலகி, மனிதர் யோசிக்கும் முறைக்கு அருகில் வந்த மொழிகளையே உயர்நிலை மொழிகள் என்கிறோம். உயரம் என்பது இயந்திரத்திலிருந்து உள்ள தூரம்.

அந்த உயரத்திலும் படிகள் உண்டு. 1970களில் பெல் ஆய்வகத்தில் உருவான சி மொழியில், கணினியின் நினைவகத்தில் எவ்வளவு இடம் வேண்டும், வேலை முடிந்ததும் அதை எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதை எழுதுபவரே கவனிக்க வேண்டும். பைத்தான் இன்னும் சில படிகள் மேலே நிற்கிறது. இடத்தைத் தானே ஒதுக்கிக்கொள்ளும், தேவை முடிந்ததும் தானே விடுவித்துவிடும். முழு எண் நூறு இலக்கம் கொண்டதாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் கணக்குப் போடும். இந்த வசதிக்கு விலை வேகம். ஒரே கணக்கைக் கோடி முறை திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில், வெறும் பைத்தான் நிரல் சி நிரலைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடும். அப்படியானால் கனமான வேலைகளுக்கு இதை ஏன் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

விடுமுறையில் பிறந்த மொழி

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டம் நகரில் உள்ள கணித, கணினியியல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர் கீடோ வான் ராசம். 1989 டிசம்பர், கிறிஸ்துமஸ் விடுமுறை வாரத்தில் பொழுதுபோக்காக ஒரு மொழியை எழுதத் தொடங்கினார். அதே நிலையத்தில் அதற்கு முன் ஏபிசி என்ற மொழிக்காக அவர் உழைத்திருந்தார். கணினித் துறை சாராதவர்களும் நிரல் எழுத வேண்டும் என்ற நோக்கத்தில் உருவான ஏபிசி பரவவில்லை. அதில் தமக்குப் பிடித்தவற்றை எடுத்துக்கொண்டு, எரிச்சல் தந்தவற்றை விட்டுவிட்டார். 1991 பிப்ரவரியில் முதல் பதிப்பு இணையத்தில் பகிரப்பட்டது. பெயர், பிபிசியில் ஒளிபரப்பான ‘மான்டி பைத்தான்’ நகைச்சுவைத் தொடரிலிருந்து வந்தது. பாம்புக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் சின்னத்தில் இரண்டு பாம்புகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

ஏபிசியிலிருந்து வந்த ஒரு பழக்கம் பைத்தானை மற்ற மொழிகளிலிருந்து பார்த்தவுடனே பிரித்துக் காட்டும். ஒரு கட்டளையின் கீழ் எந்தெந்த வரிகள் வருகின்றன என்பதைப் பல மொழிகளில் அடைப்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். பைத்தானில் அந்த வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுதினாலே போதும். பள்ளி நோட்டில் துணைத் தலைப்பை உள்ளே தள்ளி எழுதுவதுபோலத்தான். இடைவெளியை விட்டுவிட்டால் அழகு மட்டும் கெடாது, நிரலே ஓடாது. பிறர் எழுதியதைப் படிக்கும்போது இந்தக் கண்டிப்பின் அருமை தெரியும்.

ஒரு மரண வீட்டில் கற்ற பாடம்

இனி ‘பொருள்நோக்கு’. இதைப் பாடநூல்கள் பெரும்பாலும் காரையும் நாயையும் வைத்து விளக்கும். நான் எனக்கு நேர்ந்ததை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் தோட்டத்துக் காலத்திலிருந்து வரும் ஒரு மரண சகாய நிதிச் சங்கம் இருக்கிறது. நான் அதில் துணைச் செயலாளராக இருந்தேன். சுமார் 180 குடும்பங்கள், மாதச் சந்தா ஐந்து வெள்ளி. உறுப்பினர் வீட்டில் மரணம் நேர்ந்தால் அன்றே உதவித் தொகை கொண்டுபோய்க் கொடுப்போம். ஆறு மாதத்துக்கு மேல் நிலுவை இருந்தால் கிடையாது. கணக்கு முன்பு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது, பிறகு எக்செல் அட்டவணைக்கு மாறியது. ஒரு நாள் பெயர்களை அகர வரிசைப்படுத்த நினைத்தவர், பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளவா என்று எக்செல் கேட்கத்தான் செய்தது. படிக்காமல் ‘தொடர்க’ என்று அழுத்திவிட்டார். பெயர்கள் இடம் மாறின. சந்தா விவரங்கள் இருந்த இடத்திலேயே நின்றன. அட்டவணை பார்க்க ஒழுங்காகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஓர் உறுப்பினர் காலமானார். பட்டியலில் அவர் பெயருக்கு நேராக 14 மாத நிலுவை. மரண வீட்டில் அவருடைய மூத்த மகனைத் தனியே அழைத்து, விதிப்படி தொகை தர இயலாது என்று சொன்னவன் நான். அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். அதில் எல்லா மாத ரசீதுகளும் இருந்தன. ஒரு மாதம்கூடப் பாக்கியில்லை.

நிர்வாகக் குழு வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டுத் தொகையைக் கொடுத்தது. அதன் பிறகு நடந்த கூட்டத்தில், குழுவில் இருந்த கல்லூரி மாணவி ஒருவர் பைத்தானில் ஒரு சிறிய நிரல் எழுதித் தருவதாகச் சொன்னார். நம் அட்டவணையில் என்ன கோளாறு என்று நான் கேட்டபோது அவர் சொன்ன விளக்கத்தைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. “அங்கிள், ஓர் ஆளைப் பத்தின எல்லாமே அந்த ஆளோடயே இருக்கணும். பேரு நகர்ந்தா சந்தாவும் கூடவே நகரணும். நம்ம அட்டவணையில ஆளே இல்ல, பேரு ஒரு பக்கம், காசு ஒரு பக்கம் கிடக்குது.”

அந்த ‘ஆள்’தான் நிரல்மொழியில் பொருள், ஆங்கில வழக்கில் ஆப்ஜெக்ட்.

படிவமும் நிரப்பிய படிவமும்

அவர் முதலில் ‘உறுப்பினர்’ என்று ஒரு கிளாஸ் எழுதினார். தமிழில் வகுப்பு என்பார்கள். சங்கத்தின் வெற்று விண்ணப்பப் படிவம் போன்றது அது. எந்தெந்த விவரம் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும்: பெயர், உறுப்பினர் எண், சேர்ந்த தேதி, எந்த மாதம் வரை சந்தா கட்டியிருக்கிறார். 180 பேருக்கும் ஒவ்வொரு படிவம் நிரப்பினால் 180 பொருள்கள். படிவம் ஒன்று, நிரப்பியவை பல.

காகிதப் படிவத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காகிதம் சும்மா கிடக்கும். பொருள் வேலை செய்யும். அந்த வகுப்புக்குள்ளேயே மூன்று செயல்களையும் அவர் எழுதி வைத்தார்: சந்தா பெறுவது, நிலுவை எத்தனை மாதம் என்று சொல்வது, உதவி பெறத் தகுதி உண்டா என்று சொல்வது. இனிச் சந்தா விவரம் மாற வேண்டுமென்றால் ‘சந்தா பெறு’ என்ற வாசல் வழியாகத்தான் மாற வேண்டும். அந்தச் செயல் தொகையைச் சரிபார்க்கும், ரசீது எண் கேட்கும், பிறகுதான் மாதத்தை நகர்த்தும். விவரத்தையும் அதை மாற்றும் உரிமையுள்ள செயல்களையும் ஒரே இடத்தில் கட்டி வைப்பதுதான் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் உயிர்நாடி. மற்றவையெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

புதிதாகக் கற்பவர்களைத் தடுக்கி விழவைக்கும் ஒரு சொல் இங்கே வரும்: ‘செல்ஃப்’. வகுப்புக்குள் எழுதும் ஒவ்வொரு செயலிலும் முதல் இடத்தில் அது நிற்கும். ‘நிலுவை சொல்’ என்ற செயல் ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் 180 பேரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் யாருடைய நிலுவை? கேட்கப்பட்டவருடைய நிலுவை. ‘செல்ஃப்’ என்பதை ‘என்னுடைய’ என்று மனத்துக்குள் படித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்களிடம் ஆயுள் உறுப்பினர்களும் உண்டு. ஒரே தவணையில் பணம் கட்டியவர்கள். அவர்களுக்காக முழு வகுப்பையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. ‘ஆயுள் உறுப்பினர்’ என்ற வகுப்பு ‘உறுப்பினர்’ வகுப்பின் வாரிசு என்று அறிவித்துவிட்டு, வேறுபடும் ஒன்றை மட்டும் எழுதினால் போதும்: நிலுவை கேட்டால் எப்போதும் பூஜ்யம் என்று சொல். பெயர், எண், தகுதி எல்லாம் தாய் வகுப்பிலிருந்து தானே வந்துவிடும். இதற்கு மரபுரிமை என்று பெயர். மாத இறுதியில் நிரல் பட்டியல் முழுவதையும் பார்த்து எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கும்: உங்கள் நிலுவை எவ்வளவு? சாதாரண உறுப்பினர் கணக்குப் போட்டுச் சொல்வார், ஆயுள் உறுப்பினர் பூஜ்யம் என்பார். கேட்பவர் யார் எந்த வகை என்று பார்க்க வேண்டியதில்லை. பல்லுருத்தன்மை என்று பாடநூல் பயமுறுத்துவது இதைத்தான்.

மரபுரிமையில் மயங்கி அடுக்கடுக்காகப் போனால் சிக்கல். மாணவி முதலில் மாணவ உறுப்பினர், மூத்த குடிமக்கள், உறுப்பினரின் துணைவியார் என்று ஆளுக்கொரு வாரிசு வகுப்பு எழுதினார். ஆயுள் உறுப்பினராகவும் மூத்த குடிமகனாகவும் ஒருவரே இருந்தபோது எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டார். அனுபவமுள்ள நிரலாளர்களும் இதையே சொல்கிறார்கள்: வாரிசுகளைக் குறைவாக வையுங்கள்.

பொருளின் உள்விவரத்தை வெளியிலிருந்து தொட முடியாதபடி ஜாவா போன்ற மொழிகளில் பூட்டுப் போடலாம். பைத்தானில் அப்படிப்பட்ட பூட்டு இல்லை. விவரத்தின் பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு போட்டால், ‘இதில் நேரடியாகக் கை வைக்காதீர்’ என்ற அறிவிப்புப் பலகை மாதிரி. மீறினால் மொழி தடுக்காது. பெரிய குழுக்களுக்கு இது ஒரு குறை என்றே எனக்குப் படுகிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எக்செல் அட்டவணையைக் கவனத்தோடு கையாண்டிருந்தாலும் எங்களுக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது. நிரல் மந்திரமும் இல்லை. பொருள்கள் கணினியின் நினைவகத்தில் மட்டும் வாழ்பவை, நிரலை மூடினால் மறைந்துவிடும். அதனால் விவரங்களைக் கோப்பிலோ தரவுத்தளத்திலோ எழுதி வைக்க வேண்டும். பைத்தானோடு எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள வசதி சேர்ந்தே வருகிறது. மாணவி அதைத்தான் பயன்படுத்தினார்.

எண்ணம் நார்வேயில் பிறந்தது

பொருள் என்ற எண்ணம் பைத்தானுக்குச் சொந்தமில்லை. 1960களில் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு நிலையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நியூகார்ட் இருவரும் நிஜ உலக நிகழ்வுகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காக சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். வகுப்பு, பொருள், மரபுரிமை மூன்றும் சிமுலா 67 மொழியிலேயே வந்துவிட்டன. கணினித் துறையின் மிக உயரிய டியூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்கு அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. ‘பொருள்நோக்கு’ என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டவர் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கிய ஆலன் கே. சிமுலாவின் பாதிப்பில் சி பிளஸ் பிளஸ் வந்தது. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து ஜாவா வெளிவந்தது.

ஜாவாவில் எதை எழுதினாலும் ஒரு வகுப்புக்குள் எழுதுவதே பல்லாண்டு வழக்கமாக இருந்தது. பைத்தான் அப்படிக் கட்டாயப்படுத்தாது. வகுப்பு என்ற பேச்சே இல்லாமல் பத்து வரியில் ஒரு வேலையை முடிக்கலாம். ஆனால் உள்ளே எல்லாமே பொருள்கள்தாம், 5 என்ற எண்கூட. ஒரு வாக்கியத்திடம் ‘உன்னைச் சொல் சொல்லாகப் பிரித்துக் கொடு’ என்றால் பிரித்துக் கொடுக்கும். கற்பவர் தெரியாமலேயே முதல் நாளிலிருந்து பொருள்களோடு பழகுகிறார்.

எங்கெல்லாம் பயன்படுகிறது

இணையத்தளங்களின் பின்புறத்தில். பைத்தானில் இணையத்தளம் அமைப்பதற்கான ஜாங்கோ என்ற கட்டமைப்பு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் உருவாகி, 2005இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. செய்தியை அவசரமாக ஏற்ற வேண்டிய நெருக்கடியில் பிறந்த கருவி என்பது நாளிதழ் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். இன்ஸ்டாகிராம் அதன் மேல்தான் வளர்ந்தது.

தரவு ஆய்வும் செயற்கை நுண்ணறிவும் பைத்தானுக்குப் பெரும் புகழ் தந்த துறைகள். மெதுவான மொழி இங்கே எப்படி நுழைந்தது என்பதற்கு இப்போது பதில் சொல்லலாம். கனமான கணக்கை பைத்தான் செய்வதில்லை. நம்பை போன்ற நூலகங்களின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. பைத்தானில் எழுதும் ஒரு வரி, லட்சக்கணக்கான எண்களை அந்த உட்பகுதியிடம் ஒப்படைத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்கும். மேற்பார்வையாளர் மெதுவாகப் பேசினாலும் வேலையாட்கள் வேகமானவர்கள். கூகுள் 2015இல் வெளியிட்ட டென்சர்ஃப்ளோ, பேஸ்புக்கில் உருவான பைடார்ச் ஆகியவையும் இதே ஏற்பாடுதான். 2019 ஏப்ரலில் உலகம் முதன்முதலாகப் பார்த்த கருந்துளைப் படத்தை உருவாக்கியதிலும் நம்பை உள்ளிட்ட பைத்தான் நூலகங்களுக்குப் பங்கு உண்டு.

நமக்கு அதைவிட நெருக்கமான பயன்கள் இருக்கின்றன. திருக்குறள் போட்டியில் கலந்துகொண்ட 300 மாணவர்களுக்குச் சான்றிதழ் தயாரிப்பது, கோயில் திருவிழாப் படங்கள் ஆயிரத்துக்குத் தேதி வாரியாகப் பெயரிடுவது, ஐந்து கிளைகளிலிருந்து வரும் பட்டியல்களை ஒன்றாக்கி இரட்டிப்புப் பெயர்களை நீக்குவது. ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது வரி வேலை.

கைப்பேசிச் செயலிக்கு இது முதல் தேர்வு கிடையாது. ஆண்டிராய்டில் கோட்லின், ஐபோனில் சுவிஃப்ட். உலாவிக்குள் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட். பெரிய விளையாட்டுகளில் சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப்.

பணக் கணக்கு எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பைத்தானிடம் 0.1உடன் 0.2ஐக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை வரும். கணினி தசம எண்களை இரும முறையில் சேமிப்பதால் 0.1 துல்லியமாக அடங்காது. வேறு பல மொழிகளிலும் இதே கதைதான். சங்கச் சந்தாவை வெள்ளிக் கணக்கில் தசமப் புள்ளியோடு வைக்காமல், முழு எண்ணாகச் சென் கணக்கில் வைப்பது பாதுகாப்பு. 5 வெள்ளி என்பதை 500 சென் என்று சேமித்தால் ஒரு சென்கூடத் தவறாது.

தமிழ் எழுத்தை எப்படி எண்ணுகிறது

சான்றிதழ் வேலையில் இறங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது. யூனிகோடு முறையில் ‘மி’ என்பது ம, இகரக் குறி என இரண்டு. ‘ழ்’ என்பது ழ, புள்ளி என இரண்டு. பழைய பைத்தான் 2 இன்னும் மோசம். அது சாதாரணமாகப் பைட்டுகளை எண்ணும், யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு, ஆகவே ‘தமிழ்’ 15 என்று வரும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, எழுத்துச்சரம் என்றாலே யூனிகோடு என்று மாற்றியது. தமிழில் வேலை செய்பவர்களுக்கு அது பெரிய விடுதலை.

ஆனாலும் ஐந்து என்ற விடை மூன்றாகிவிடவில்லை. ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயர் நமக்கு எட்டு எழுத்து, பைத்தானுக்கு 15. சான்றிதழில் இடம் போதாது என்று முதல் பத்தை மட்டும் அச்சிடச் சொன்னால் ‘கிருஷ்ணமூர’ என்று வந்து நிற்கும். மேடையில் அதை வாங்கும் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். இதற்காகவே ஓப்பன் தமிழ் என்ற இலவச பைத்தான் நூலகம் இருக்கிறது. சொல்லை அதனிடம் கொடுத்தால் தமிழ் இலக்கண எழுத்துகளாகப் பிரித்துத் தரும். தமிழிலேயே கட்டளைச் சொற்கள் கொண்ட ‘எழில்’ என்ற நிரல்மொழியும் பைத்தானின் மேல் கட்டப்பட்டதுதான். பைத்தான் 3இல் வகுப்பு, செயல் ஆகியவற்றுக்குத் தமிழில் பெயர் வைக்கவும் தடையில்லை. எங்கள் சங்க நிரலில் ‘நிலுவை’ என்பது தமிழ் எழுத்திலேயே இருக்கிறது.

வகுப்பு எழுதியவரின் எண்ணம் அதற்குள் அப்படியே போய்விடும் என்பதற்கும் நம் பெயர்களே சாட்சி. குடும்பப் பெயர் எல்லாருக்கும் உண்டு என்று நம்பும் ஒருவர் அதைக் கட்டாயப் புலமாக வைப்பார். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இருப்பது தந்தை பெயர். அடையாள அட்டையில் அனாக் லெலாகி, அனாக் பெரம்புவான் என்பதன் சுருக்கத்துக்கு நடுவே வரும் சாய்கோட்டை ஏற்க மறுக்கும் படிவங்களோடு மல்லுக்கட்டாதவர் நம்மில் குறைவு. கணினி மறுக்கிறது என்று சொல்வோம். உண்மையில் மறுப்பது, ‘நபர்’ என்ற வகுப்பை எழுதியவர் நம்மைப் போன்றவர்களை நினைத்துப் பார்க்காத அந்த ஒரு வரி.

செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறதே?

தருகிறது. எங்கள் குழுவில் ஒருவர் உரையாடல் செயலியிடம் சங்கக் கணக்குக்கு நிரல் கேட்டார். ஒரு நிமிடத்தில் வகுப்போடும் வாரிசோடும் வந்துவிட்டது, ஓடவும் செய்தது. அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டியவர்களுக்கு நிலுவை ‘கழித்தல் மூன்று மாதம்’ என்று காட்டியது. அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை, மாணவியின் கண்ணில் மட்டும் பட்டது. முன்பணம் கட்டியவர் இறந்தால் மிச்சச் சந்தாவைக் குடும்பத்திடம் திருப்பித் தருவதா என்றும் அவரே கேட்டார். சங்க விதியில் அதற்குப் பதில் இல்லை. அதற்காகத் தனிக் கூட்டம் போட்டோம்.

கற்க விரும்புவோருக்கு

சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வுக்கான கணினியியல் பாடத்தில் பைத்தான்தான் பயன்படுகிறது. அந்தப் பாடத்தை எடுக்கும் மாணவர்கள் தனி வகுப்புக்குப் பணம் கட்டுமுன் பள்ளியிலேயே கேட்டுப் பார்க்கலாம். கணினியில் நிறுவ வசதியில்லை என்றால் கூகுள் கோலாப் போன்ற இணையப் பக்கங்களில் உலாவியிலேயே எழுதி ஓட்டலாம், அதற்கும் கட்டணம் இல்லை. ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் வகுப்பில் சேருமுன் இப்படி இரண்டு வாரம் தானே முயன்று பார்ப்பது நல்லது. பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

புத்தகம் வாங்குவோர் முதல் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். திரையில் ஒரு வரியைக் காட்டச் சொல்லும் ‘பிரிண்ட்’ கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அது பைத்தான் 2 காலத்துப் புத்தகம். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய புத்தகக் கடைகளில் அவை இன்னும் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்க வேண்டாம், அதில் உள்ள முதல் பயிற்சியே இன்றைய பைத்தானில் ஓடாது.